அளவு கொடுக்க வந்தவள்

எங்கள் ஊரில் மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் அரை மணி நேரத்தில் டாக்டர் வந்துவிடுவார். மனுஷனுக்கு மனசு சரியில்லை என்றால், நாலு நாள் நல்லாத் தூங்கு, எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். என் தம்பி நாற்பது நாளாகப் படுத்துத்தான் கிடந்தான். தூங்கவில்லை.

அவன் மரம் அறுக்கும் பட்டறையில் மிஷின் ஓட்டுகிறவன். அன்றைக்கு அவன் சுவிட்சைப் போட்ட நேரத்தில் கூட வேலை செய்தவன் பிளேடுக்குக் கிட்டே குனிந்திருக்கிறான். பிளேடுக்கு மேலே இருக்க வேண்டிய மூடி இல்லை. ஆள் பிழைக்கவில்லை. மூடியைக் கழற்றச் சொன்னது முதலாளியா, இவர்களே கழற்றிவிட்டார்களா என்று விசாரணை நடந்துகொண்டிருந்தது. தம்பி யாரிடமும் வாய் திறக்கவில்லை. என்னிடம் சொன்னதும் ஒரே ஒரு வார்த்தைதான்.

"நான்தான்க்கா அவனக் கொன்னுட்டேன்."

அதை யாராவது கொண்டுபோய் விசாரணையில் வைத்தால் மொத்தப் பழியும் இவன் தலையில் விழும். முதலாளி கையைக் கழுவிக்கொள்வார். சரி, யாரிடமும் பேசவே வேண்டாம் என்று விட்டுவிட்டால், இவன் சோற்றைத் தொடாமலே போய்ச்சேர்ந்துவிடுவான் போலிருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆள் தேடக் கிளம்பினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் நாலு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். யாரோ கொடுத்த உதவி நம்பரில் பாட்டு மட்டும்தான் கேட்டது, ஆள் யாரும் எடுக்கவில்லை. கடைசியில் சுகாதார நிலைய நர்ஸ், மாத்திரை உறைக்குப் பின்னால் ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

"மருத்துவ சமூகப் பணியாளர்னு சொல்வாங்க. மனசு சம்பந்தமா படிச்சவங்க. சுத்துப்பட்டுல பதினோரு ஊருக்கும் இவங்க ஒருத்தர்தான்."

"டாக்டரா?"

"இல்ல. மாத்திரை எழுத மாட்டாங்க. உக்காந்து பேசுவாங்க."

பேசினால் குணமாகும் என்றால் எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் வியாதியே வந்திருக்கக் கூடாது. இருந்தாலும் கூப்பிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தாள். ஸ்கூட்டரைத் தபால் ஆபீஸ் வாசலில் நிறுத்திவிட்டு, கையில் துணிப்பையோடு நடந்து வந்தாள். பையில் பூப்போட்ட துணி இரண்டு மீட்டர். நான் தையல்காரி, வீட்டு முன்னறைதான் கடை. அதை எப்படியோ விசாரித்து வைத்திருக்கிறாள்.

"யாராவது கேட்டா அளவு கொடுக்க வந்தேன்னு சொல்லிடுங்க அக்கா," என்றாள்.

வந்த முதல் நாளே பொய் சொல்லச் சொல்கிறவளை எப்படி நம்புவது? நல்ல காரியத்துக்கு வருகிறவள் நேராக வாசலில் வண்டியை நிறுத்த வேண்டியதுதானே?

தம்பியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கதவு திறந்தது.

"அக்கா, மிஷின் ஓடட்டும். நிறுத்தாதீங்க."

என் வீட்டிலேயே எனக்கு உத்தரவு! ஒரு கிழிசல் துணியைப் போட்டு, மேலேயும் கீழேயுமாக முக்கால் மணி நேரம் ஓட்டினேன். கால் கடுத்ததுதான் மிச்சம், காதுக்கு ஒரு சொல் எட்டவில்லை.

வெளியே வந்தவளை மறித்தேன். "என்ன சொன்னான்?"

"அவர்கிட்டயே கேளுங்க அக்கா."

"உங்களக் கூப்பிட்டது நான்."

"கூப்பிட்டது நீங்கதான். பேசுறது அவராச்சே."

"அந்த நோட்டுல என்ன எழுதினீங்க?"

"என் ஞாபகத்துக்கு. வெளிய யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் மறைக்க முடியாது. அத அவர்கிட்ட முதல்லயே சொல்லிட்டேன்."

இனிக்க இனிக்கப் பேசினாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. என் அனுபவத்தில் துணி சாயம் போகாது என்று தானாக வந்து சொல்கிற கடைக்காரனிடம்தான் சாயம் போகும்.

மூன்றாவது வியாழக்கிழமைக்கு அப்புறம் தம்பி முகம் மழித்துக்கொண்டான். சோறு போடச் சொன்னான். வயிறு குளிர்ந்திருக்க வேண்டும் எனக்கு. குளிரத்தான் செய்தது, ஒரு பொழுது. அடுத்த பொழுதே, அப்படி என்னத்தைச் சொல்லி இவனை மயக்கினாள், என்னத்தைக் கறந்தாள் என்ற யோசனை வந்துவிட்டது.

அந்த வாரம் கடைத்தெருவில் அவளைப் பார்த்தேன். ரொம்ப உரிமையோடு சிரித்தேன். அவள் என்னைப் பார்த்தாள், பார்த்த கண்ணை அப்படியே திருப்பி வெங்காயத்தைப் பொறுக்கப் போய்விட்டாள். என்னை இதற்கு முன்னால் கண்ணாலேயே கண்டதில்லை என்பதுபோல. மடியில் கனமில்லாதவள் ஏன் முகத்தைத் திருப்ப வேண்டும்?

சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியவள் பக்கத்து வீட்டுக்காரி. தெருவே அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடும்.

"உங்கிட்ட அளவு கொடுக்க வர்றாளே பூத்துணிக்காரி, அவ செவ்வாய்க்கிழமையானா பட்டறை முதலாளி வீட்டுக்குப் பின்வாசல் வழியாப் போறாளாம்ல?"

வியாழக்கிழமை என் வீட்டில் கேட்கிறாள், செவ்வாய்க்கிழமை அங்கே கொட்டுகிறாள். ஒளித்து நிறுத்திய வண்டி, ஓடச் சொன்ன மிஷின், திருப்பிய முகம் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். ஸ்கூட்டர் கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. முதலாளி வீட்டுக்கு எதிரே ஒரு சலூன், பக்கத்தில் டீக்கடை. இரண்டுக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். பக்கத்துச் சந்திலிருந்து அவள் வெளிப்பட்டதும் தெருவுக்கு நடுவில் போய் மறித்தேன்.

"ஏம்மா, அங்க கேட்டத எல்லாம் இங்க வந்து ஒப்பிக்கிறியா? படிச்சவன்னு நம்பித்தானே வீட்டுக்குள்ள விட்டேன்!"

"அக்கா, இங்க வேண்டாம். வாங்க, நடந்துகிட்டே பேசலாம்." அவள் குரல் தணிந்திருந்தது. அது என்னை இன்னும் கிளப்பிவிட்டது.

"ஏன், இங்க பேசினா என்ன? நாலு பேருக்குத் தெரியட்டும்! 'நான்தான் அவனக் கொன்னுட்டேன்'னு என் தம்பி அழுதானே, அதையும் இந்த ஆளுகிட்ட சொல்லிட்டியா?"

சலூனில் கத்தரிச் சத்தம் நின்றது. டீக்கடை பெஞ்சில் இருந்த ஐந்தாறு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் பட்டறை ஆட்கள்.

அவள் முகத்தில் கோபமே இல்லை. "இல்லக்கா. அத நான் யார்கிட்டயும் சொல்லல," என்றாள்.

முதலாளி வீட்டு வாசலில் அரவம் கேட்டது. அவரேதான். செருப்பில்லாமல், கசங்கிய கைக்குட்டையோடு நின்றார். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. அவர் எதற்காகச் செவ்வாய்க்கிழமைகளில் பின்வாசலைத் திறந்து வைக்கிறார் என்பது அந்த ஒரு பார்வையில் எனக்கு விளங்கிவிட்டது. தெருவுக்கும் விளங்கிவிட்டது. அவர் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டுக் கேட்டைச் சாத்திக்கொண்டார். நான் கூவிய வார்த்தையும் அவரோடு உள்ளே போயிற்று. எந்த வார்த்தை அந்த வீட்டுக்குள் போகக் கூடாது என்று நான் இத்தனை நாள் காவல் இருந்தேனோ, அதை நானே தெருவில் நின்று கத்தியிருந்தேன்.

ரேடியோ முந்திக்கொள்வதற்குள் வீட்டுக்கு ஓடினேன். எதையும் மறைக்காமல் தம்பியிடம் சொன்னேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்டான்.

"வெளிய பாத்தா தெரியாத மாதிரிதான் போவேன்னு முதல் நாளே சொன்னாங்க," என்றான். "சின்ன ஊரு, நின்னு பேசினா யாருக்கு என்னன்னு கண்டுபிடிச்சிடுவாங்க, அதனாலன்னு."

"இத எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"அக்காகிட்டயும் சொல்லிடுங்கன்னுதான் சொன்னாங்க. உனக்கு ஒண்ணு தெரிஞ்சா ஒம்பது கேப்ப. அதான் விட்டுட்டேன்."

கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, அவனே தொடர்ந்தான்.

"மூடியக் கழட்டச் சொன்னது அவர்தான்க்கா. சுவிட்சப் போட்டது நான். ரெண்டையும் விசாரணையில நானே சொல்லணும்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னுதான் அவங்களோட பேசிட்டு இருந்தேன். இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்னு பாத்தோம். இப்ப நான் என்ன சொன்னாலும், அக்கா வாயால வந்துதுதான் முன்னாடி நிக்கும்."

"நீ நல்லா இருக்கணும்னுதான்டா..."

"தெரியும்," என்றான். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

செல்போனை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவளைத்தான் கூப்பிடப் போகிறான் என்று புரிந்தது. "உள்ள இருந்தே பேசு, நான் அடுப்படிக்குப் போயிடறேன்," என்றேன். அவன் சட்டையை மாட்டினான். வாசற்படியில் ஒரு கணம் தயங்கினான். வெயில் அவன் கண்ணைக் கூசச் செய்தது. அறுபது நாளுக்கு மேலாக அவன் அந்தப் படியைத் தாண்டியதில்லை. எதிர் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், ரேடியோ வாயில் கை வைத்து நின்றாள். அத்தனை கண்ணுக்கும் நடுவில் அவன் தெருக்கோடி வரைக்கும் நடந்துபோய், சுவரோரம் நின்று போனைக் காதில் வைத்தான்.

அவன் வெளியே வந்துவிட்டான் என்று அன்றைக்குத் தெருவே பேசியது. யாருடைய காதுக்குப் பயந்து வெளியே போனான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.