மலிவு ட்ரம் செட் வாங்கலாமா என்று என் நாத்தனார் கேட்டாள்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு இசைப் பத்திரிகைக்காக எழுத உட்கார்ந்த கட்டுரை இது. தலைப்பு அவர்கள் கொடுத்தது: 'புதிதாகக் கற்பவர்கள் மலிவான ட்ரம் செட் வாங்கலாமா?' பதினொரு வருஷம் ஒரு மெல்லிசைக் குழுவில் ட்ரம் வாசித்தவள் நான். ஒரு மணி நேர வேலை என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எழுதிய வரி: "தாராளமாக வாங்கலாம்." அடித்துவிட்டேன்.

அடுத்தது: "கற்றுக்கொள்ளும் ஆர்வம் மட்டும் இருந்தால், செட் எதுவாக இருந்தாலும்..."

இதைப் பாதியிலேயே விட்டதற்குக் காரணம் இருக்கிறது. இதே கேள்விக்கு நான் ஏற்கெனவே ஒருத்திக்குப் பதில் சொல்லிவிட்டேன்.

2

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. வயது நாற்பத்தொன்று, வீட்டில் இன்னும் 'வாண்டு' என்றுதான் கூப்பிடுகிறோம். போன வருஷம் ஒருநாள் சமையலறைக்கு வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அண்ணி, கத்துக்கிறதுக்கு இந்த செட்டு போதுமா? இல்ல, கொஞ்ச நாள் பொறுத்து நல்லதா ஒண்ணு வாங்கட்டுமா?"

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்கு இது போதும். வாங்கு."

[எழுதுகிறவர்களுக்குத் தங்கள் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வரும். எனக்கு இங்கே சந்தேகம் வாண்டுவின் மேல் இல்லை, 'நான்' என்று ஒருத்தி வருகிறாளே, அவள் மேல். இந்தப் பகுதியை மூன்று தடவை எழுதினேன். முதல் இரண்டிலும் அவள் அக்கறையோடுதான் சொன்னாள். இது மூன்றாவது. மூணு மாசத்தில் வாண்டு அதை மூலையில் போட்டுவிடுவாள், அதற்கு இது போதும் என்றுதான் நினைத்தேன்.]

3

மூலையில் போடவில்லை. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம் வாசித்திருக்கிறாள், பதினோரு மாதம். ஒரே ஒரு நாள்கூட நான் போய்ப் பார்க்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவளே போன் செய்தாள். மருத்துவமனை ஊழியர்கள் ஒரு இசைக்குழு வைத்திருக்கிறார்கள், அதில் ட்ரம் வாசித்தவர் வேலை மாறிப் போய்விட்டார், சனிக்கிழமை புது ஆள் எடுக்கிறார்கள்.

"ஒரு தடவ வந்து கேளுங்கண்ணி. அவங்க என்னைச் சேத்துக்கிட்டா போதும், வேற எதுவும் வேணாம் எனக்கு."

அவள் வீட்டுக்குப் போனேன். வழவழப்பான தரை. அதன் மேல் அந்த செட். வாசிக்க ஆரம்பித்தாள். கை அப்படிச் சுத்தம்! சத்தியமாக அசந்துபோனேன். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். எட்டில் ஏதோ இடறியது. மறுபடி எண்ணினேன். மறுபடி எட்டில்.

குனிந்து பார்த்தேன். காலால் மிதித்து அடிக்கிற பெரிய ட்ரம் இருக்கிறதே, அதன் முன்கால்களில் ரப்பர் இல்லை. ஒவ்வொரு மிதிக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்கிப் போகிறது.* எட்டாவது எண்ணிக்கை வந்ததும் வாண்டு இடது காலை நீட்டி, அதன் காலில் கொக்கிபோல மாட்டி, தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். இமைக்கிற நேரம்தான். அந்த நேரத்துக்குத் தாளம் நின்றுவிடுகிறது. அவள் காதுக்கு அது கேட்கவேயில்லை.

"எப்படிண்ணி?"

"நல்லா இருக்கு."

திருடி மாதிரி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

* கீழே ஒரு கம்பளம் விரித்தால் தீர்ந்தது. வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவள் செட்டோடு வந்த தாளில் அது இல்லை.

4

இது எப்படி முடியும் என்று சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: நான் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை நல்ல செட்டில் உட்காருகிறாள். அந்த ட்ரம் நகராது. ஆனாலும் எட்டில் அவள் கால் அதைத் தேடிப் போகிறது. கூட வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தனக்குத் தாளமே வராது என்று நம்பிக்கொண்டு அவள்...

(முடிக்க மனசு வரவில்லை.)

முடிவு ஆ: அந்த இடறலையே புதுப் பாணி என்று குழு கொண்டாடுகிறது. சே. இப்படி எழுதுவதற்குப் பேசாமல் இருக்கலாம்.

முடிவு இ: நான் உண்மையைச் சொல்கிறேன், அவள் கண்கலங்கி என்னைக் கட்டிக்கொண்டு...

இதுவும் வேண்டாம். நோட்டை மூடிவிட்டு, புதன்கிழமை சாயங்காலம் நிஜமாகவே கிளம்பிப் போனேன்.

5

கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. எட்டில் அவள் காலை நீட்டி இழுப்பதைச் சொன்னேன்.

"எல்லாரும் அப்படித்தானே இழுத்துக்குவாங்க?" என்றாள்.

"இல்லம்மா."

"பதினோரு மாசமா தப்பாவா வாசிக்கிறேன்?"

"தப்பு உன்னோடது இல்ல. செட்டு வழுக்குது."

"செட்டு வழுக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க சொல்லித்தானே வாங்கினேன்?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வயிற்றில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன், மூணு மாசக் கணக்கு உட்பட. அவள் குச்சிகளை ஸ்டூலின் மேல் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"நான் விட்டுடுவேன்னு நெனச்சுதான் சொன்னீங்களா?"

"ஆமா."

"அண்ணாவும் அப்படித்தான் நெனச்சாரா?"

"அவரை எதுக்கு இழுக்கற? நான்தான்."

ஸ்டூலிலிருந்து குச்சிகளை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "சனிக்கிழமை பதினோரு மணி. வாங்க. ஆனா உள்ள வராதீங்க, வெளியவே உக்காருங்க," என்றாள்.

நேற்று என் வீட்டுக்காரர் சொன்னார்: "கம்பளம் போட்டு வாசிக்கிறாளாம். ட்ரம் நகரலியாம். அந்த எடம் வந்தா கால் மட்டும் தானா போகுதாம்."

6

மருத்துவமனையின் பின்கட்டிடம், ஒரு நீளமான தாழ்வாரம், மூடிய கதவு. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து இதை எழுதுகிறேன். உள்ளே போகும்போது அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

பத்திரிகைக்கு என் பதில் இதுதான்: வாங்கலாம். ஆனால் முதல் மாதம் விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பதினைந்து நிமிட நடையில் நான் இருந்தேன். உட்காரவில்லை.

உள்ளே கிதாரைச் சரிபார்க்கிறார்கள். யாரோ இருமுகிறார்கள். "ரெடியா?" என்று ஒரு ஆண் குரல். அவள் பதில் எனக்குக் கேட்கவில்லை.

ஆரம்பித்துவிட்டாள்.

இந்த இடத்தில் ஒன்றை மறைத்தால் மேலே எழுதியது அத்தனையும் வீண். அவள் ஜெயிக்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதே நெஞ்சில் ஒரு ஓரமாக, அவள் இடற வேண்டும் என்றும் இருக்கிறது. இடறினால், போன வருஷம் நான் நினைத்தது ஒன்றும் பெரிய தப்பில்லை என்று ஆகிவிடும். எனக்கே அருவருப்பாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது.

ஐந்து. ஆறு. காதைப் பொத்திக்கொள்ளப் போகிறேன், இதற்கு மேல் எழுத முடியாது. எட்டில் என்ன நடந்தது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று. அதை முடிவு செய்யும்போது, முதலில் உங்கள் மனசுக்கு எது வந்தது என்று பாருங்கள். அவளைப் பற்றி நீங்களும் அப்படித்தான் நினைத்திருந்தீர்களா?

ஏழு.