பூட்டிய வீட்டில் ஓடிய யூனிட்

அம்மாவின் வீட்டை விற்றுவிடுவது என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்த பிறகு, வாங்க வந்தவர் கடைசி ஓராண்டு மின் பில்களைக் கேட்டார். பார்த்துவிட்டு ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

"ரெண்டு வருஷமா பூட்டிக் கிடக்குன்னு சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப இந்த மூணு மாசமா கரண்டை யாரு சாப்பிட்டது?"

கண்ணாடிக்காரர் பில்களைத் திருப்பி வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். பொடி எழுத்தை ஊருக்கெல்லாம் படிக்க வைப்பவர், அம்மா வீட்டு மின் பில்லை மட்டும் ஒரு நாளும் படித்ததில்லை. அம்மா இருந்தவரை அதை அம்மாவே பார்த்துக்கொண்டாள். அவள் போன பிறகு வங்கியிலிருந்து பணம் தானாகப் போய்க்கொண்டிருந்தது. பில் மட்டும் அவர் வீட்டுக்கு வரும். உறை மேல் அம்மாவின் பெயர் இருக்கும். அந்தப் பெயரை அச்சில் பார்த்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பிரிக்காமலே மேஜை இழுப்பறையில் தள்ளிவிடுவார்.

மறுநாள் கடையைத் தாமதமாகத் திறந்துகொள்ளலாம் என்று மின் அலுவலகத்துக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்த பெண் பில்லை வாங்கி, பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினாள்.

"இது நிலைக்கட்டணம் சார். நீங்க ஒரு பல்புகூட போடலைன்னாலும் வரும்."

"ஆளே இல்லாத வீட்டுக்கு எதுக்கும்மா?"

"வீடு தூங்கினாலும் கம்பி முழிச்சிட்டுத்தானே இருக்கு? அதுக்கு." அவளே சிரித்துக்கொண்டாள். "இது போன மாச மீட்டர் அளவு, இது இந்த மாசம். கழிச்சா வர்றதுதான் யூனிட். முதல் அம்பது யூனிட்டுக்கு ஒரு விலை, அதுக்கு மேல வேற விலை. கடைசியில வரி. அவ்வளவுதான், பெரிய கம்பசூத்திரம் ஒண்ணும் இல்ல."

"யூனிட்டுன்னா என்ன?"

"ஒரு இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் விடாம சூடா வச்சீங்கன்னா கிட்டத்தட்ட ஒரு யூனிட். மின்விசிறின்னா பதிமூணு, பதினாலு மணி நேரம் ஓடணும்."

பில்லின் அடியில் மாத வாரியாகச் சின்னக் கட்டங்கள் இருந்தன. இருபத்தொரு மாதம் தரையோடு தரையாக ஒன்றுமில்லை. அப்புறம் நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு.

"கசிவா இருக்குமா?"

"கசிவுன்னா ராப்பகலா ஒரே சீரா ஓடும். நாலு நாள் காலையும் சாயந்திரமும் மீட்டரைப் பாத்து எழுதுங்க. மீட்டர் பொய் சொல்லாது சார். யாரோ இருக்காங்க."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தை அவரோடு கூடவே கடைக்கு வந்தது.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு அம்மா வீட்டுக்குப் போனார். வாசல் பூட்டின் மேல் தூசி கலையாமல் இருந்தது. உள்ளே விளக்கு ஒன்றும் எரியவில்லை. கூடத்து நாற்காலிகள் போர்த்திய துணியோடு அப்படியே இருந்தன. ஆனால் அம்மாவின் அறையில் மின்விசிறியின் இறக்கைகள் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. குளிர்காலத்திலும் அம்மாவுக்கு விசிறி ஓட வேண்டும். அந்தக் கடகட சத்தம் இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. படுக்கை விரிப்பு, அவள் கைபட்டது போலவே, நாலு மூலையும் உள்ளே செருகப்பட்டிருந்தது. ஜன்னலோரம் இஸ்திரி மேஜை. வெகுநேரம் தயங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியின் அடியைத் தொட்டார்.

வெதுவெதுப்பாக இருந்தது.

வெளியே எப்படி வந்தார், பூட்டினாரா இல்லையா என்பதே அவருக்கு நினைவில்லை.

மனைவி முழுவதையும் கேட்டாள். பயந்தது போல் தெரியவில்லை.

"அத்தையா இருந்தா பில்லு இவ்வளவு கம்மியா வராதுங்க. டிவியைப் போட்டுட்டு அடுப்படியில வேலை பாக்கிறவங்க."

"விளையாடாத. தொட்டுப் பாத்தேன். சூடா இருந்துச்சு."

"அந்த ஆபீஸ்காரப் பொண்ணு சொன்ன மாதிரி எழுதிப் பாருங்க. எப்ப வருதுன்னாவது தெரியட்டும்."

மீட்டர் வெளிச்சுவரில் பெட்டிக்குள் இருந்தது. கடைக்குப் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை என்று நான்கு நாள் எழுதினார். மாலையிலிருந்து காலை வரை எண் நகரவே இல்லை. காலையிலிருந்து மாலைக்குள் தினமும் ஒன்றரை யூனிட்.

"பட்டப்பகல்ல வர்ற பேயை இப்பத்தான் கேள்விப்படறேன்," என்றாள் மனைவி. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்க யாரை நினைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். நான் நினைக்கிற ஆளு வேற," என்றாள்.

அவர் எழுந்து போய்விட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, அம்மாவுக்குக் கண்புரை பார்க்க டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தவர் அவர்தான். மழை பெய்துகொண்டிருந்தது. தம்பி காரில் அம்மாவை அழைத்து வந்தான். வழியில் வண்டி சறுக்கி ஒரு மரத்தில் மோதியது. தம்பி நெற்றித் தழும்போடு பிழைத்தான், அம்மா பிழைக்கவில்லை. எல்லோரும் கூடியிருந்த வீட்டில், அம்மாவின் உடலுக்கு முன்னால், "இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன், போடா," என்று அவர் கத்தினார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு போனான். போனவன் போனவன்தான். அந்த நாளில் நடந்த ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கண்ணாடிக்காரர் இதுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

ஐந்தாம் நாள் நண்பகலில் கடையை மூடிவிட்டு நடந்தார். வெயிலில் தெரு ஓய்ந்து கிடந்தது. மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிவிட்டு அணைந்தது. பதினைந்து எண்ணினார், மறுபடி மினுக்கியது. உள்ளே விசிறி ஓடுகிறது என்று அவருக்குப் புரிந்தது. நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு திடீரென்று படபடவென்று துடிக்கத் தொடங்கியது.

அம்மா இஸ்திரி போடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். அந்த நினைப்பில் பயமும் இருந்தது, ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. பின்பக்கம் சுற்றிப் போனார். பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

அம்மாவின் அறையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள் வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முதலில் காலர், பிறகு தோள், பிறகு கை. அம்மா அந்த வரிசையில்தான் தேய்ப்பாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான். இளைத்திருந்தான். நெற்றியில் தழும்பு.



"பில்லைப் பாத்தியாண்ணா?" என்றான் தம்பி.

"ம்."

"நீ பாக்க மாட்டேன்னு நெனச்சேன். விளக்கே போட மாட்டேன். தண்ணி மோட்டார், விசிறி, இது. அவ்வளவுதான்." இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். "ஆஸ்பத்திரியில ராத்திரி வார்டுல வேலை. யூனிபார்ம் கசங்கியிருந்தா திட்டுவாங்க. தங்கியிருந்த ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பின்கதவு சாவி எங்கிட்டயே இருந்துச்சு. பகல்ல தூங்கணும். வேற எங்க படுத்தாலும் தூக்கம் வரல. நாளைக்கே போயிடறேன்."

கண்ணாடிக்காரர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"அன்னிக்கு உனக்கு மூணு தடவை போன் பண்ணேன்."

தம்பி இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றி வைத்தான்.

"டாக்டர் கிளம்பிடுவார்னு கத்தினேன். மூணாவது தடவை நீ எடுத்தே. 'வந்துட்டேண்ணா'ன்னே. அப்புறம்தான் அந்தச் சத்தம். நான் லைன்ல இருந்தேன்டா. எல்லாத்தையும் கேட்டேன்."

"தெரியும்ணா. போன் கட்டாகவே இல்லையே."

"தெரிஞ்சும் ஏன் யார்கிட்டயும் சொல்லல? அத்தனை பேர் முன்னாடி உன்னை அடிக்காத குறையா விரட்டினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வாய் அடைச்சிருக்கும்."

தம்பி தேய்த்த சட்டையை எடுத்து நாற்காலியின் முதுகில் மாட்டினான். மடிப்பை நீவிவிட்டான்.

"சொல்லிட்டா நீ அப்புறம் எப்படிண்ணா வீட்டுக்குப் போவே? அண்ணி முகத்தை எப்படிப் பாப்பே? ஓட்டினது நான்தானே. போனை எடுத்ததும் நான்தான். ஒருத்தன் சுமந்தா போதாதா?"

கண்ணாடிக்காரர் அழுதார். கடையில் யாரும் பார்க்காத அழுகை, சாவு வீட்டில்கூட வராத அழுகை. தம்பி பக்கத்தில் வந்து உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். அம்மா இருந்தால் நடுவில் வந்து நின்று இருவரையும் நாலு வார்த்தை திட்டியிருப்பாள். அவள் நிற்க வேண்டிய இடம் அவர்களுக்கு நடுவில் காலியாகவே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வீட்டை விக்கலை. நீ எங்கயும் போகாத. எப்ப வேலைக்குப் போகணும்?"

"ஆறு மணிக்குக் கிளம்பணும்."

"அப்ப தூங்கு."

"நீ?"

"நான் இங்கதான் இருப்பேன். தூங்குடா."

தம்பி சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தான். எத்தனை நாள் அசதியோ, பேச்சு முடிவதற்குள் கண் அயர்ந்துவிட்டான். கண்ணாடிக்காரர் மனைவிக்குப் போன் செய்து, "நீ நினைச்ச ஆளுதான்," என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். மறுபக்கத்தில் அவள் விசும்பினாள். "ராத்திரி சாப்பாட்டை அவருக்கும் கட்டித் தரேன், வந்து வாங்கிட்டுப் போங்க," என்றாள்.

அரை மணி நேரம் போயிருக்கும். தூக்கத்தில் தம்பியின் உடம்பு விறைத்தது. இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன்னால் எதையோ இறுகப் பிடித்துக்கொண்டன. வலது கால் பிரேக்கைத் தேடுவது போல மெத்தையை மிதித்தது. மறுபடி மிதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தோடு, திரும்பத் திரும்ப. தினமும் இப்படித்தான் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. எழுப்பலாமா என்று யோசித்தார். எழுப்பவில்லை. கால்மாட்டில் போய் உட்கார்ந்து, அந்தப் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். அது அவர் கையை அழுத்தியது. அவரும் விடாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், அந்தக் கால் தளரும் வரைக்கும்.