ஃபோர்க்லிஃப்ட் பரீட்சை

இருபத்தோரு வருஷம் எண்ணூர் குடோனில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவனைக் கூப்பிட்டு, ஓட்டத் தெரியுமா என்று பரீட்சை வைத்தால் எரிச்சல் வருமா வராதா? எனக்கு வந்தது. எரிச்சலைவிட பயம் அதிகம். டீசல் வண்டிகளை ஒழித்துக்கட்டிவிட்டு பேட்டரி வண்டிகளை இறக்கியது கம்பெனி. திருவொற்றியூர் சமுதாயக் கல்லூரியில் மூன்று மாதம் படித்து சர்டிபிகேட்டோடு வா என்றார்கள். குடோனில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. நானும் ஜாபரும் இரண்டு பேர்.

ஜாபர் என் தோஸ்து. புளியந்தோப்புக்காரன். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்தவன். ஆனால் நாற்பத்தெட்டு வயதில் எனக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை.

பரீட்சையன்று கல்லூரிக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் உட்கார்ந்திருந்தோம்.

"இன்னா டில்லி, இப்டி குந்திகினு கீற? காலைல டீயாச்சும் குட்ச்சியா?" என்றான் ஜாபர்.

"உன் வேலைய பாருடா" என்று எரிந்து விழுந்தேன். அவன் சிரித்தான்.

பாடம் எடுக்கும் உமைமா வந்தாள். என் மகள் வயதுதான். "வெளியிலிருந்து எக்ஸாமினர் வந்திருக்காரு. பதட்டப்படாதீங்கண்ணா. ஜாபர் அண்ணா, நீங்க முதல்ல போங்க."

ஜாபர் ஏறினான். சீட் பெல்ட்டை இழுத்து, இடுப்புக்குப் பின்னால் விட்டு மாட்டி, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தான். குடோனில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான். சரக்குக்குக் கீழே கட்டை வைக்க நாளைக்கு அறுபது தடவை இறங்கி ஏற வேண்டும். பெல்ட் மாட்டாவிட்டால் வண்டி கீச்கீச்சென்று கத்தித் தொலைக்கும். அதன் வாயை அடைக்கத்தான் இந்த வேலை. பரீட்சையில் இப்படிச் செய்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் ஃபெயில் என்று உமைமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

நான் பத்தடி தள்ளி இருந்தேன். 'பெல்ட்டு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அடேயப்பா, என்னமாய் ஓட்டினான்! சரக்கு அடுக்கிய மூன்று பேலட் பலகைகளையும் ரேக்கின் மேல்தட்டில் சத்தமே இல்லாமல் வைத்தான். வண்டி நின்றதும் எக்ஸாமினர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"பெல்ட் பின்னால கிடக்கு. ஃபெயில்."

ஜாபர் வயிற்றைத் தடவிப் பார்த்தான். அப்படியே இறங்கினான்.

அடுத்து நான். பெல்ட்டை வயிற்றுக்கு முன்னால் மாட்டினேன். கடைசி பேலட் கோணலாகத்தான் உட்கார்ந்தது. ஆனாலும் பாஸ்.

ஓடிவந்து கட்டிக்கொண்டான் ஜாபர். "நம்மள்ல ஒர்த்தனுக்காச்சும் கெட்ச்சுதே மாமு! எனுக்கு கையி அதுவா பின்னால பூட்ச்சு. நீ மட்டும் எப்டி மறக்காம போட்ட?"

"நீ ஃபெயிலானத பாத்துதான்டா" என்றேன்.

"அப்போ என்னாலதான் நீ பாஸு! பிரியாணி வாங்கிக் குட்றா." சிரித்தான். கண் கலங்கியிருந்தது.

வாங்கித் தருகிறேன் என்றேன். பாவி நான், 'பெல்ட்டு' என்று சொல்லாத வாயால் அதையும் சொன்னேன்.