அரை அங்குல வேகம்

உத்தமனுக்கு வாய்தான் மூலதனம். ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வீடு வீடாகப் போய் பிரஷர் குக்கர் விற்றுக்கொண்டிருந்தவன், தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து வெயிலில் சகாயமேரியின் வீட்டில் ஒரு தம்ளர் மாம்பழ ரசம் வாங்கிக் குடித்தான். தம்ளரைக் கீழே வைக்கும்போதே குக்கர் வியாபாரத்தை மனசுக்குள் விட்டுவிட்டான்.

சகாயமேரி தூத்துக்குடிக்காரி. புருஷன் டேவிட்டுக்குத் தொழிற்சாலையில் வேலை. ஈஸ்டர் முடிந்து மாம்பழம் இறங்கியதும் பெரிய அண்டாவில் ரசம் போட்டு லைன் வீடுகளுக்கெல்லாம் கொடுப்பாள். உத்தமன் டேவிட்டிடம் ஒரு மாசம் பேசினான். அடுத்த கோடைக்குள் அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகையில் ஸ்டீல் தொட்டி, மோட்டார், மூடி போடும் மிஷின் எல்லாம் வந்து உட்கார்ந்தன. ரசம் போடுவது மேரி, விற்பது உத்தமன் என்று பிரித்துக்கொண்டார்கள். தொட்டியிலிருந்து பாட்டிலுக்கு ரசம் எப்படிப் போகிறது என்பது யாருடைய பங்கு என்று மட்டும் பேசிக்கொள்ளவில்லை.

முதலில் அந்த வேலையை ஒரு கறுப்பு ரப்பர் குழாய் செய்தது. கொரட்டூர் கடைக்காரர் ஒருவர் ஒரு கிரேட் பாட்டிலை அப்படியே திருப்பி அனுப்பினார்.

"செருப்பை ஊற வச்ச மாதிரி வாசன அடிக்குதுப்பா."

ரப்பர் ஆகாது, உணவுக்கென்றே செய்த சிலிக்கான் குழாய்தான் வேண்டும் என்று தெரிந்தது. உத்தமன் பாரிமுனைக்குப் போனான். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, நிமிஷத்துக்கு எவ்வளவு லிட்டர் போக வேண்டும் என்பது. உத்தமனுக்கு அது தேவையில்லாத கேள்வியாகப் பட்டது.

"ஸ்பீடா போவணும். அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, அரை அங்குலக் குழாயில் ஒரு சுருள் வாங்கி வந்தான்.

பால் வெள்ளையில், பூனைக்குட்டி வயிற்றைப் போல வழவழவென்று இருந்தது குழாய். மேரி அதை மோந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. ஆனாலும் முகம் தெளியவில்லை.

"என்ன அண்ணாச்சி, பழைய குழா ஒண்ணரை இஞ்சுல்லா? இது விரல் தண்டிகூட இல்லையே."

"மேரிம்மா, கார் கழுவறவன் இன்னா பண்றான்? ஹோஸ் வாயில கட்டை விரலை வச்சு அமுக்கறான். தண்ணி எப்டி பிச்சிக்கினு போவுது? வாய் சின்னதானா வேகம் ஜாஸ்தி. அத்தான் கணக்கு."

மேரி குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கார் கழுவுகிறவர்களை அவளும் பார்த்திருக்கிறாள்.

அந்த வாரமே பூந்தமல்லியிலிருந்து ஜெயராமன் வந்தார். நாலைந்து சினிமாக் கொட்டகைகளின் கேன்டீன்களை எடுத்து நடத்துகிறவர், வெள்ளை வேட்டிக்காரர். உத்தமன் புதுக் குழாயில் ஒரு முழத் துண்டை மட்டும் வெட்டி மாட்டி மோட்டாரைப் போட்டான். மாம்பழ ரசம் சீறிக்கொண்டு பாய்ந்து, வைத்திருந்த வாளியைத் தாண்டி எதிர்ச் சுவரில் போய் அறைந்தது. இரண்டு சொட்டு ஜெயராமனின் வேட்டியிலும் விழுந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஃபோர்ஸு! இன்னா ஃபோர்ஸுடா நைனா! இந்த மாதிரி மிசினு நான் எங்கியும் பாக்கல."

கோடை முழுவதும் அத்தனை கேன்டீன்களுக்கும் அவர்களே சப்ளை என்று அங்கேயே முடிவானது. உத்தமன் அன்றைக்கு ரயிலில் உட்காராமல் நின்றுகொண்டே ஆவடி போனான். உட்காரும் அளவுக்கு மனசு அடங்கவில்லை.

வேலை தொடங்கியதும் சங்கடமும் தொடங்கியது. பாட்டில் அடுக்கும் மேசை கொட்டகையின் மறுகோடியில் இருந்ததால் சுருள் முழுவதையும் மாட்ட வேண்டியிருந்தது. சுவரில் அறைந்த ரசம் இப்போது சளி பிடித்த மூக்குபோல ஒழுகியது. நீளத்தைக் குறைத்தால் சீறியது, ஆனால் சீறின வேகத்தில் பாட்டிலுக்குள் பாதிக்கு நுரைதான் நின்றது. நுரை அடங்கும்வரை காத்திருந்து மறுபடி ஊற்ற வேண்டும். தொட்டியைச் சுற்றிப் பனிக்கட்டி போட்ட நாளில் ரசம் குளிர்ந்து இன்னும் கெட்டியாகி, ஓடுவதற்கே யோசித்தது.

"வோல்டேஜு இல்ல மேரிம்மா. அம்பத்தூர் கரண்டு அப்டி."

மேரி ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்து வந்தாள். கொட்டகையில் கடிகாரம் கிடையாது. பழைய கறுப்புக் குழாயை மாட்டி, வாளி நிறையும்வரை 'அருள் நிறைந்த மரியே' சொன்னாள். மூன்றாவது செபம் முடிவதற்குள் வாளி தளும்பியது. பிறகு புதுக் குழாயில் நன்றாகச் சீறுகிற அந்த முழத் துண்டை மாட்டினாள். ஜெபமாலையில் பத்து மணி உருட்டியும் வாளி நிறையவில்லை. கடைசியாகச் சுருள் முழுவதையும் மாட்டினாள்.

"ஜெபமாலையே முடியப் போவுது அண்ணாச்சி. வாளி பாதிதான் இருக்கு."

"நீ செபத்தை ஃபாஸ்டா சொல்ற."

அவளை எதிர்த்து அவனால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். ஆனாலும் தோல்வியை ஒப்புக்கொள்ள மனம் வராமல், மறுநாள் எங்கிருந்தோ ஒரு பெரிய மோட்டாரை இரவல் வாங்கி வந்தான். சுவிட்சைப் போட்டதும் மிருதுவான குழாய் எலி விழுங்கிய பாம்பாக உப்பியது. அடுத்த நொடி, இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்ப் தெறித்து, குழாய் கழன்று எழுந்து ஆடியது. தலைமுதல் கால்வரை உத்தமன் மாம்பழமானான். அன்று சாயங்கால ரயிலில் அவனைச் சுற்றி நல்ல இடம் கிடைத்தது. ஈக்கள் மட்டும் ஆவடிவரை கூடவே வந்தன.

அந்தப் பயணத்தில்தான் அவனுக்கு உறைத்தது. கட்டை விரலை வைத்து அமுக்கினால் தண்ணீர் தூரமாகப் போகும், நிறையப் போகாது. கார் கழுவுகிறவனுக்குத் தூரம் வேண்டும். பாட்டிலுக்கு எதற்குத் தூரம்? இத்தனை நாளும் வேகத்தையும் அளவையும் ஒன்றென்று நினைத்து, ஊரையே நம்ப வைத்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் பாரிமுனைக் கடைக்காரரின் கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது. ஒன்றரை அங்குலச் சிலிக்கான் குழாய் வந்தது. மேரி மேசையைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். குழாய் வளையாமல், மடங்காமல், நாலு முழத்தோடு நின்றது. மாம்பழ ரசம் சத்தமே இல்லாமல், கோவில் விளக்குக்கு எண்ணெய் விடுவதுபோல இறங்கியது. நுரை இல்லை. நாள் முழுக்க முக்கியும் நிரம்பாத கிரேட்டுகள் மத்தியானச் சாப்பாட்டுக்குள் நிரம்பி வாசல்வரை வரிசை கட்டின.

அந்த வாசலில்தான் ஒரு நாள் ஜெயராமன் வந்து நின்றார். கத்திரி வெயில் நெருங்குகிறது, இரண்டு மடங்கு வேண்டும் என்று சொல்ல வந்தவர். கிரேட்டுகளைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்து, இறங்கிக்கொண்டிருந்த ரசத்தைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"இன்னாப்பா இது? மிசினு சீக்காயிட்ச்சா? அன்னிக்கு எப்டி அட்சிது!"

"இல்லண்ணே, இதுல தான் ஜாஸ்தி போவுது. வேகம் வேற, அளவு வேற. வாளி வச்சு காட்றேன் பாருங்க" என்று உத்தமன் தொடங்கினான். குழாயின் அகலம், நீளம், ரசத்தின் கெட்டித்தன்மை, வளைவு, மோட்டாரின் அழுத்தம் என்று ஒன்று விடாமல் சொன்னான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் சொன்னதெல்லாம் உண்மை. வாழ்க்கையில் முதல்முறையாக எதிரில் இருந்தவர் ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

"என் காதுல பூ சுத்தாத. தள்ளாடிக்கினு ஊத்துது, இது ஜாஸ்தியாம். அயனம்பாக்கத்துல ஒர்த்தன் கீறான், அவன் மிசினு பீச்சி அடிக்குது. அவனாண்ட போய்க்கிறேன்."

உத்தமன் வாளியைக் கையில் பிடித்தபடி நின்றான். அவர் வாசலைத் தாண்டும் நேரம் மேரி குரல் கொடுத்தாள்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க. பெரிய குழா தொட்டி கழுவதுக்குத்தான் மாட்டிருக்கு. நிரப்புத குழா இந்தா இருக்கு."

அலமாரிக்குப் பின்னாலிருந்து அரை அங்குல முழத் துண்டை எடுத்து வந்து மாட்டினாள். உத்தமன் வாயைப் பிளந்து அவளைப் பார்த்தான். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. மோட்டாரைப் போட்டாள். ரசம் சீறி எதிர்ச் சுவரில் அறைந்தது.

"ஆங்! இது மிசினு!" ஜெயராமனுக்கு உயிர் வந்துவிட்டது. "இந்தக் கொயால ஊத்துனதுதான் எனக்கு ஓணும். என் பாட்டிலு ஒண்ணுகூட அந்த சீக்குக் கொயால ஊத்தக் கூடாது, ஆமா."

"சரிங்கய்யா" என்றாள் மேரி. அவர் போனதும் மாட்டிக்கொள்ளப் பெரிய குழாயைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்துக்கொண்டாள்.

"சரின்னா? இப்போ ஊத்து, பாக்கறேன். எனக்கு ஒண்ணும் வேல இல்ல."

மூலையிலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு டீ வாங்கி வரச் சொன்னார். மேரி முதல் பாட்டிலை நீட்டினாள். உத்தமன் குழாயைப் பிடித்தான். பாட்டில் கழுத்துவரை நுரை பொங்கி வழிந்தது.

"பாத்தியா, எப்டி ரொம்புது!" என்றார் ஜெயராமன்.

டீ வந்தது. அவர் ஆற்றி ஆற்றிக் குடித்தார்.