முனிக்குச் சுத்தம் செய்த இடம்

முதல் குத்து மகேந்திரனின் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. ஜோசப்ராஜ் அவன் காலரைப் பிடித்து இழுத்துக் காதோரம் இன்னொன்று வைத்தான். மகேந்திரன் வேறு லயத்திலிருந்து களைக்கு மருந்தடிக்க வருபவன்; முதுகில் மருந்து பம்பு இருந்ததால் ஓட முடியவில்லை.

"அண்ணே, என்னான்னு சொல்லிட்டு அடிங்கண்ணே!"

"என்னான்னு தெரியாது? அங்க பாருடா!"

முடியைப் பற்றி அவன் தலையைத் திருப்பினான். தொழிலாளர் லயத்துக்குப் பின்னால், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் தொடங்கும் இடத்தில் ஜோசப்ராஜ் போட்ட ஆறு பாத்திகள். தண்டுக்கீரை, பயற்றங்காய், கத்தரி. விடிந்ததும் மகேந்திரன் அடித்த களைக்கொல்லி. பத்து மணி வெயிலுக்கே இலைகள் வெந்நீர் ஊற்றியது போலத் துவண்டு கிடந்தன.

பெடாஸ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவன் ஜோசப்ராஜ். கோபம் வந்தால் கைதான் முந்தும். ராசா ஊரில் ஒரு கடை வாசலில் மோட்டார் சைக்கிளை எடுக்கச் சொன்னவனின் தாடையை உடைத்திருக்கிறான். அதன் பிறகு மனைவி மகளோடு ரஹாங்கில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். நீதிமன்றம் இரண்டு வருட நன்னடத்தை ஜாமீனில் விட்டது. இன்னொரு அடிதடி என்றால் உள்ளேதான். தூக்கம் வராமல் சுவரைக் குத்திக்கொண்டிருந்தான்.

ஒரு நாள், கால்வாயோரக் குப்பையின் நாற்றம் பொறுக்காமல் குழி வெட்டினான். ஆத்திரத்தில்தான் வெட்டினான். கை ஓயும்வரை வெட்டி, குப்பையைக் கொட்டி மூடினான். இரண்டு வாரத்தில் அதிலிருந்து பூசணிக்கொடி ஒன்று, யாரோ கீழே விளக்கு வைத்ததுபோல மஞ்சள் பூவோடு மேலே வந்தது. பிறகு லயத்தின் பன்னிரண்டு வீட்டுச் சமையல் கழிவும் அவன் குழிக்கு வந்தது. அந்த உரத்தில் பாத்தி போட்டு, மழைநீர் பிடிக்க மூன்று பீப்பாய்த் தோம்புகள் வைத்தான். விளைந்ததைப் பையில் போட்டு ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினான்.

"கீரை குடுக்கிறப்ப கொஞ்சம் சிரிங்கண்ணே. போலீஸ் புடிக்க வந்த மாதிரி நிக்கிறீங்க," என்றாள் மூன்றாம் வீட்டுப் புஷ்பவள்ளி. அவன் சிரித்துவிட்டான். அந்த வாரம்தான் விடியும்வரை தூங்கினான்.

மோட்டார்கள் பாத்தியின் மேல் ஏறிப்போவதைத் தடுக்க மூங்கில் கம்பில் சிவப்புத் துணி கட்டினான். அவன் மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் சிவப்புத் துணியைக் கண்டால் முனி இருக்கிறார் என்று தோட்டத்து ஆட்கள் சுற்றிப் போவார்கள் என்பது தெரியும். மோட்டார்கள் நின்றன. தன் சாமர்த்தியத்தை எண்ணி அவனே மகிழ்ந்தான்.

மூன்றாவது அடியில் மகேந்திரன் கால்வாய்ச் சிமெண்டில் மல்லாந்து விழுந்தான். பம்பு பிளந்தது. மிச்ச மருந்து முதுகெங்கும் பரவ, அவன் அலறினான்.

"முனி எடம்ணே! பாத்தின்னு தெரியல, கொடி மண்டிக் காடா கெடக்கேன்னு சுத்தம் பண்ணேன். கூலி இல்லாம சும்மாதாண்ணே மருந்தடிச்சேன், யாரும் சொல்லல. பொண்டாட்டி மாசமா இருக்கா, நல்லபடியா பொறக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

ஜோசப்ராஜின் கை மேலேயே நின்றது. கேட்ட பிறகும் கோபம் போகவில்லை. இன்னும் ஒரே ஒரு அடி, அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று கை கெஞ்சியது. மகேந்திரன் முதுகைச் சிமெண்டில் தேய்த்துத் துடித்தான்.

ஜோசப்ராஜ் பம்பின் வாரை அறுத்தான். சட்டையை இரண்டாகக் கிழித்தான். அடித்த அதே வேகத்தில் அவனைத் தோம்புப் பக்கம் இழுத்துப் போய், "கண்ண மூடு! வாயத் தொறந்த, கொன்னுருவேன்!" என்று கத்திக்கொண்டே வாளி வாளியாக ஊற்றினான். மூன்று தோம்பும் காலியானது. பாத்திக்கு வைத்திருந்த தண்ணீர் முழுவதும் கால்வாயில் ஓடியது.

மோட்டாரில் பின்னால் உட்கார வைத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனான். என்ன நடந்தது என்று தாதி கேட்டாள்.

"விழுந்துட்டேன்," என்றான் மகேந்திரன்.

"நான்தான் அடிச்சேன்," என்றான் ஜோசப்ராஜ்.

"லூசாண்ணே நீங்க? விழுந்தேன்னு சொல்லிட்டேன் லா!"

"மல்லாக்க விழுந்தவனுக்கு வாய் எப்படிடா கிழியும்?"

தாதி இருவரையும் பார்த்துவிட்டுப் போலீசுக்குப் போன் செய்தாள். மகேந்திரனை உள்ளே கொண்டுபோனார்கள். ஜோசப்ராஜ் வாசலில் உட்கார்ந்து புஷ்பவள்ளியை அழைத்தான்.

"புஷ்பா, பாத்தியில எதையும் பறிக்காத. எல்லா வீட்டுக்கும் சொல்லு. குழி வரைக்கும் வெசம் அடிச்சிருக்கு."

"ஐயோ! அப்ப குப்பைய எங்க போடறது?"

"லயத்துக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு குழி வெட்டுங்க."

"யாருண்ணே வெட்டறது? நீங்க எப்ப வருவீங்க?"

போலீஸ் ஜீப் வாசலில் வந்து நின்றது. ஜோசப்ராஜ் எழுந்தான்.

"முழங்கால் ஆழம் போதும்," என்றான்.