யாருடைய ஆள்

அவர்கள் நாட்டின் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஷாங்காய்த் துறைமுகத்தில் கொடி நட்டுவைத்திருந்த நாடுகளில் அதுவும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டுக்காரன் எங்கள் ஊரில் என்ன அட்டூழியம் செய்தாலும் எங்கள் மாஜிஸ்திரேட் அவன்மேல் கை வைக்கக் கூடாது. ஒப்பந்தம் அப்படி. பீரங்கியைக் காட்டி வாங்கிய கையெழுத்துக்கு ஒப்பந்தம் என்று பெயர். இத்தனை வருடம் அவர்களுடைய தூதரான கன்சலே மத்தியானச் சாப்பாட்டுக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் நடுவில் வழக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அது அவர்களுக்கே வெட்கமாக இருந்ததோ என்னவோ, தனியாகச் சட்டம் போட்டு ஒரு நீதிபதியைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். கன்சல் அலுவலக மாடியில் நீதிமன்றம் திறந்தது. அங்கே மொழிபெயர்ப்பு வேலை எனக்கு. என் பெயர் கூ.

திறப்பு விழாவில் நீதிபதி பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். நீதி என்றால் என்னவென்று கிழக்கத்திய மக்கள் இனித் தெரிந்துகொள்வார்கள் என்றார். நாங்கள் சட்டம் எழுதிய காலத்தில் உங்கள் முப்பாட்டன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. சம்பளத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அங்கே வந்த முதல் கொலை வழக்கு படகுக்காரி ஆ-லியெனுடையது. அவளும் கணவனும் சம்பான் என்கிற சின்னத் துடுப்புப் படகில் கோசுக்கீரை ஏற்றி வந்தபோது, பிராண்ட் என்பவன் குடித்துவிட்டு ஓட்டிவந்த நீராவிப் படகு அவர்கள்மேல் ஏறியது. பலகையைப் பிடித்துக்கொண்டு அவள் தப்பினாள். தண்ணீரில் தத்தளித்த கணவனைப் பிராண்ட் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். இப்போது அவள் மகன் அதே ஆற்றில் துடுப்புப் போடுகிறான், பிராண்டும் அதே ஆற்றில் படகு ஓட்டுகிறான். அவனை ஆற்றைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சாட்சிக்கு முன் சத்தியம். எந்தக் காலத்திலோ எந்தப் பாதிரியோ எழுதிவைத்த புண்ணியத்தில், சீனர்கள் தட்டை உடைத்துத்தான் சத்தியம் செய்வார்கள் என்று இவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரிலேயே பிறந்து நரைத்த நான் ஒருவர்கூட அப்படிச் செய்து பார்த்ததில்லை. குமாஸ்தா பெரிய மரியாதையோடு ஒரு பீங்கான் தட்டை நீட்டினார். ஆ-லியென் பின்வாங்கினாள்.

“என்னய்யா இது?”

“உடைக்கணுமாம் அண்ணி. உடைச்சாத்தான் நீ சொல்றது நெசம்னு நம்புவாங்களாம்.”

“தட்டை உடைச்சா நெசமா? எவன் சொன்னான்?”

“நாமதான் சொன்னோமாம்.”

“படகுல நாங்க கஞ்சிக் கிண்ணத்தைக் கவுத்துக்கூட வைக்க மாட்டோம். உடைஞ்சா படகு முழுகும். பையன் ஆத்துல இருக்கான். நான் மாட்டேன்.”

ஊதுபத்தி ஏற்றி அவள் கும்பிடும் தெய்வத்தின்மேல் சத்தியம் செய்யட்டும் என்று நீதிபதியிடம் சொன்னேன். அவர் சீனர்களின் வழக்கத்தை எனக்கு விளக்கினார். எனக்கு. தன் இனத்துச் சத்தியத்துக்கே பயப்படுகிறவள் சொல்வதை எப்படி நம்புவது என்றும் கேட்டார். அந்தப் பக்கம் பிராண்ட் இளித்தான்.

அதை ஆ-லியென் பார்த்துவிட்டாள். “இதை உடைச்சா அவனை உள்ள போடுவாங்களா?”

“நீ பார்த்ததை அப்படியே சொன்னா, போட்டுத்தான் ஆகணும்.”

தாயே, என் பிள்ளையை ஒன்றும் செய்துவிடாதே என்று முணுமுணுத்துக்கொண்டு தட்டைத் தரையில் போட்டாள். அதன்பின் சாட்சி சொன்னாளே, அதில் ஒரு சொல் பிசகவில்லை. பிராண்டின் வக்கீல் எப்படியெல்லாமோ மடக்கிப் பார்த்தார், நடக்கவில்லை. நீதிபதியே எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். உருப்படியாக ஏதோ நடக்கப்போகிறது என்று நான்கூட நம்பிவிட்டேன், மடையன்.

வக்கீல் கனைத்துக்கொண்டு எழுந்தார். தன் கட்சிக்காரர் நீதிபதியின் நாட்டுக் குடிமகனே அல்ல என்றார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நீதிபதி கேட்டார்.

“யாரும் கேட்கவில்லையே.”

பின் வரிசையிலிருந்து வர்கா எழுந்து வந்தார். ஒயினும் பன்றித் தொடையும் விற்கிற வியாபாரி. வேறு ஏதோ ஒரு குட்டி நாட்டுக்கு இங்கே கன்சலும் அவர்தான். சம்பான்மேல் ஏறிய படகு அவருடையது, அன்று அதில் இருந்த பீப்பாய்களும் அவருடையவை. பிராண்டின் தோளில் கைபோட்டு, “இவர் எங்கள் ஆள்” என்றார். தாய்வழியில் அப்படியாம்.

தன் நாட்டுக்காரரைத் தவிர வேறு யாரையும் விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்ததுபோலத்தான் பட்டது. அந்தப் பெண் உரிய நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் சொன்னார். உரிய நீதிமன்றம் என்பது வர்காவின் கடைக்குப் பின்னால் இருக்கிற அறை, நீதிபதி வர்கா. எதையும் மழுப்பாமல் அவளுக்குச் சொன்னேன்.

“எங்க ஆளுன்னு ஒருத்தர் வந்து சொன்னாப் போதுமா?”

“போதும் அண்ணி.”

நீதிபதி பக்கம் திரும்பினாள். “அப்ப கேளுங்கய்யா. என் பையனை எங்க ஆளுன்னு சொல்ல எந்த நாட்டுக்காரராவது வருவாங்களா? நல்லாத் துடுப்புப் போடுவான். சொன்ன பேச்சுக் கேப்பான்.”

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். வழக்கு முடிந்துவிட்டதால் இது பதிவாகாது என்றார் நீதிபதி.

“என்ன சொல்றாரு?”

“அது அவர் வேலை இல்லையாம்.”

“பின்ன எதுக்கு அம்புட்டு தூரத்துலேர்ந்து கப்பலேறி வந்தாரு?”

பிராண்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தான். மத்தியானமே பீப்பாய் ஏற்ற ஆற்றுக்குப் போக வேண்டும் என்று வர்காவிடம் சொல்லிக்கொண்டே போனான். அதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் எனக்குச் சம்பளம் தரவில்லை. ஆனாலும் அவளிடம் சொன்னேன்.

அவள் மாடிப்படியில் இறங்கி ஓடினாள், மகனைக் கரையேறச் சொல்ல.