கூண்டுக் கால் தண்ணீர்

புதுச்சத்திரத்துக்கு மேற்கே மரவள்ளிக் காட்டு ஓரத்தில் சென்னிமலை கோழிக் கொட்டகை போட்டபோது ஊரே கேலி செய்தது. கோழிக்குத் தீனி போட்டு மனுஷன் பிழைப்பானா என்றார்கள். அவன் பிழைத்தான், எறும்புதான் அவனைப் படாத பாடு படுத்தியது. தீவனத்தில் கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கலந்திருந்தால் எறும்பு சும்மா இருக்குமா? தீவனத்தோடு நின்றால்கூடத் தேவலை. புதுக் குஞ்சு கண்ணயர்ந்தால் அந்தக் கண்ணைத்தான் முதலில் தேடி வரும்.

அதனால் குஞ்சுக் கூண்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாக்களில் நிறுத்தி, லாரிப் பட்டறையில் வாங்கிய பழைய ஆயிலைத் தண்ணீர் மேல் கொஞ்சம் விட்டு வைப்பான். விடிந்ததும் டப்பாக்களைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவான். பொண்டாட்டி முகத்தைக்கூட அப்புறம்தான் பார்ப்பது என்று வசந்தாமணி இடித்துக் காட்டுவாள்.

புதுக் குஞ்சுகள் வந்து இறங்கிய வாரத்தில், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

வசந்தாமணிக்கு அழுகை வரவில்லை. கட்டிக்கொண்டு அழ வந்தவர்களுக்குத் தோளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கல்லு மாதிரி இருக்கிறாள் என்று காதுபடவே பேசினார்கள். உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அவர் கையால் இறக்கிவிட்ட குஞ்சுகளையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்ற ஒரு நினைப்பு மட்டும் எங்கோ தூரத்தில் இருந்தது.

அவளுக்கும் சேர்த்து நாத்தனார் பழனியம்மாள் அழுதாள். சென்னிமலைக்கு அக்காள், தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்துவிட்டுச் சேந்தமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். பிணத்தை எடுத்ததும் வீடு கழுவும் வேலையை அவள்தான் செய்தாள். சாவு விழுந்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. பானை, குடம், அண்டா என்று எல்லாவற்றையும் கவிழ்த்தவள் அதே வேகத்தில் கொட்டகைக்குள்ளும் போனாள். ஆயில் மிதந்த தண்ணீரைப் பார்த்து, என்ன அழுக்கு என்று முணுமுணுத்தபடி கூண்டைத் தூக்கி டப்பாக்களை உருவி, கொட்டி, கழுவிச் சுவரோரம் கவிழ்த்து வைத்தாள். வசந்தாமணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வேண்டாம் என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. வாய் திறக்கவில்லை. யார் வீட்டுக் கூண்டோ என்று இருந்தது.

மறுநாள் காலையில் செவ்வெறும்பு கூண்டுக் காலில் சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது. குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பாதிக்கு மேல் செத்திருந்தன. உயிரோடிருந்தவற்றை முந்தானையில் அள்ளிப் போட்டு, கண்ணோரத்தில் கவ்விய எறும்புகளைக் கிள்ளி எறிந்தாள். அவள் கையெல்லாம் கடித்தன. கடித்தது அவளுக்கு உறைக்கவே இல்லை.

பழனியம்மாள் ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"எந்தம்பி எறக்கி உட்ட குஞ்சாச்சே. எப்புடி அம்மிணி எறும்பு ஏறுச்சு?"

டப்பாக்கள் சுவரோரம் கவிழ்ந்தபடியே இருந்தன. அவை எதற்கு என்று பழனியம்மாளுக்குத் தெரியாது, சொன்னால் தெரிந்துவிடும். தம்பியையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, அவன் குஞ்சுகளையும் தன் கையாலேயே கொன்றோம் என்று அந்த மனுஷி காலமெல்லாம் வெந்து சாவாள். அதைப் பார்க்க வசந்தாமணிக்குத் தெம்பில்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவள் தான்தானே என்றும் தோன்றியது.

"கூண்டுக் காலுக்கு ஆயில் தடவோணுங்க, நங்கையா. நாந்தான் மறந்துட்டேன்."

பழனியம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஊர் பேசியதெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது.

"எந்தம்பி இருந்திருந்தா மறந்திருப்பானா?"

அத்தனை எறும்பு கடித்தும் உறைக்காதது அப்போது உறைத்தது.

"மறந்திருக்க மாட்டாருங்க" என்றாள் வசந்தாமணி. சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்தது. முந்தானைக் குஞ்சுகளை நெஞ்சோடு பிடித்தபடி கூண்டடியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.